தனி அடுப்பு

மூணு நாளா கெங்கா அந்த ஒரே வார்த்தைய சொல்லிச் சொல்லிப் பாத்துக்கினு இருந்தா. தண்ணிக்குப் போறப்ப சொல்லுவா. பஸ்ல ஜன்னல் பக்கம் மூஞ்சத் திருப்பிக்கினு சொல்லுவா. ராத்திரி போர்வைய இழுத்து மூடிக்கினு, உதடு கூட அசையாம சொல்லுவா.

"பெரியம்மா. எங்க பெரியம்மா சார். எங்கம்மாவோட அக்கா சார்."

பதினாறு வயசுல ஒரு தபா கூட அவ வாயில வராத வார்த்தை அது. பொய்யும் கிடையாது. அதான் பேஜாரே. பொய்யா இருந்தா சுளுவா வந்திருக்கும்.

கெங்காவப் பெத்தவ, அவ பொறந்த ஒம்பதாம் நாளே ஜன்னி கண்டு பூட்டா. சாவுக்குன்னு வந்த அக்காக்காரிதான் செல்லியம்மா. எட்டுப் பேர்ல மூத்தது செல்லியம்மா, கடைசி செத்துப்போனவ. நடுவுல இருவது வயசுக்கு மேல வித்தியாசம். செல்லியம்மாவுக்குப் புருசன் ஏரியில போனவன் போனவன்தான், புள்ள குட்டி கிடையாது. கருமாதி முடிஞ்சு சொந்தக்காரங்கல்லாம் கெளம்புறப்ப இது ஒண்டி கெளம்பல. தொட்டில்ல ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. இடுப்புல இருந்தது கெங்காவோட அண்ணன் முனிகிருஷ்ணன், அப்ப அஞ்சு வயசு. ரெண்டு வருசத்துல காமாலையில நைனாவும் பூட்டாரு. அப்பால அந்த ஊட்டுல இருந்த பெரியவங்கன்னா செல்லியம்மா ஒருத்திதான்.

பேச்சு வந்தப்ப பசங்க அம்மான்னுதான் கூப்டுச்சுங்க. யாரும் சொல்லிக் குடுக்கல, யாரும் திருத்தவும் இல்ல. குப்பத்துல கேட்டுப் பாருங்க, செல்லியம்மா பசங்கன்னுதான் சொல்லுவாங்க. வேற ஒருத்தி பெத்தான்றதே கெங்காவுக்கு ஏழு வயசுல, யாரோ சண்டையில திட்டினப்பதான் தெரிஞ்சுது. அன்னிக்கு அழுதுக்கினு வந்து கேட்டா. "அதுக்கு இன்னா இப்ப? பசிக்குதா?" அவ்ளோதான் செல்லியம்மா சொன்னது.

பழவேற்காட்டு ஏரி மீனக் கூடையில தூக்கிக்கினு பொன்னேரி சந்தைக்குப் போயி வித்துத்தான் ரெண்டையும் வளத்துச்சு. இந்த வருசம்தான் முடியல. ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துடுச்சு. மீனக் கையால தொட்டே மடவையா கெளுத்தியான்னு சொல்லிடும். ஆனா காச அப்டிச் சொல்ல முடியல. எவனோ ஒரு பேமானி, எட்டணான்னு சொல்லி செல்லாத காசக் குடுத்துட்டுப் பூட்டான். ரெண்டு தபா அப்டி ஆச்சு. மூணாந் தபா கூடையக் கழுவிக் கவுத்து வெச்சுடுச்சு.

முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டிக்குப் போயிருந்தான். அங்க முள்ளுக்காட்ட வெட்டி வரிசையா கம்பெனி கட்றாங்க. இரும்புக் கம்பெனி ஒண்ணுக்கு கலவை தூக்கற வேல. சனிக்கெழம ராத்திரி வருவான், ஞாயித்துக்கெழம பொழுதோட பூடுவான். சில வாரம் கூலி வரும், சில வாரம் மேஸ்திரி கைய விரிச்சுடுவான்.

ஒரு ஞாயித்துக்கெழம சோறு துன்னுக்கினே சொன்னான். "கெங்கா, பள்ளிக்கூடம் போதும். எறா உரிக்கிற ஷெட்டுல பொம்பளப் புள்ளைங்கள எடுக்கறாங்களாம். சொல்லி வெச்சுட்டேன்."

கெங்கா பதினொண்ணாவது. எஸ்.எஸ்.எல்.சி. பரிச்சைக்கு இன்னும் ஏழு மாசம். எறா ஷெட்டுக்குப் போற பொண்ணுங்க வெரல அவ பாத்துக்கீறா. ஐஸுலயும் முள்ளுலயும் ஊறி, நகக்கண்ணெல்லாம் வெளுத்து, செத்த மீன் வயிறு மாதிரி இருக்கும்.

மறுநாள் தபாலாபீஸ் செவுத்துல ஒட்டியிருந்த நோட்டீச அவதான் படிச்சா. வேற யாரும் இழுத்து உடல. முழுக்கவும் அவ ரோசனை. இதத்தான் அவ அப்பால நெனச்சு நெனச்சுக் குமுறினா.

சாயங்காலம் வந்து சொன்னா. "அம்மா, கவர்மெண்ட்டுல மாசம் இருவது ரூபா குடுக்கறாங்களாம். அறுவத்தஞ்சு வயசு ஆயிருக்கணும். ஆதரவற்ற முதியோர் உதவித் தொகை."

செல்லியம்மா மீன் கழுவிக்கினு இருந்துச்சு. "முதியோர்னா கெழடுங்க, தெரியுது. அந்த முன்னாடி சொன்னியே, அது இன்னா?"

"ஆதரவற்றன்னா... யாரும் இல்லாதவங்க."

"ஓ, அனாதைப் பணமா? கோயிலாண்ட குந்திக்கினு கீறானே ஒரு குருடன், அவனுக்குச் சொல்லு. பாவம், வாங்கிக்கட்டும்."

"உனக்கும் கெடைக்கும்மா."

மீன் மேல ஊத்தின தண்ணி நின்னு பூட்ச்சு. ஒரு நிமிசம்தான். அப்பால மறுபடி ஊத்த ஆரம்பிச்சுது. "உனக்குப் பரிச்சைக்கு வேணும், இல்ல?"

கெங்கா தண்ணிக் கொடத்த அது பக்கம் நகத்தி வெச்சா.

பொன்னேரி தாலுக்காபீஸ் வாசல்ல, மரத்தடியில பொட்டி மேல பேப்பர் வெச்சுக்கினு மனு எழுதறவரு ஜெயராஜ். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூலு கட்டியிருப்பாரு. ரெண்டு பேரையும் எதுர்ல குந்த வெச்சு ஒவ்வொண்ணா கேட்டாரு. நெலம் கீதா? இல்ல. ஊடு யார் பேர்ல? செத்துப்போன நைனா பேர்ல. சொந்தப் புள்ள?

"முனிகிருஷ்ணன்"னு செல்லியம்மா வாயத் தொறந்துச்சு.

"இல்ல சார், அது வந்து..." கெங்கா குறுக்க பூந்து வெசயத்தச் சொன்னா.

ஜெயராஜ் பேனாவக் காதுல சொருகிக்கினாரு. "அப்டியா சமாசாரம். பாப்பா, நல்லாக் கேட்டுக்கோ. ரூல் இன்னா சொல்லுதுன்னா, சொந்தப் புள்ளையோ புள்ள வயித்துப் பேரனோ, இருவது வயசுக்கு மேல ஒருத்தன் இருந்தா பணம் கிடையாது. ஆனா தங்கச்சி புள்ளைங்க கவர்மெண்ட் கணக்குல புள்ளைங்களே இல்ல. உங்கம்மாவுக்கு யாருமே இல்ல. தோ, எழுதிட்டேன்."

"யாருமே இல்லன்னு எழுதிட்டீங்களா?" செல்லியம்மா கேட்டுச்சு.

"எழுதினாத்தாம்மா பணம். ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., விசாரணைக்கு வருவாரு. வந்ததும் மொதல்ல அடுப்பத்தான் பாப்பாரு. ஒரே அடுப்புல துன்னா ஆதரவு கீதுன்னு எழுதிக்கினு பூடுவாரு. தனி அடுப்பு வேணும். சும்மாங்காட்டியும் மூணு கல்லு வெச்சா போதாது, கரி புடிச்சிருக்கணும்." கெங்கா பக்கம் திரும்பினாரு. "உன்னக் கேட்டா பெரியம்மான்னு சொல்லு. தப்பே இல்ல, அதான் உண்மை. அம்மான்ற வார்த்தை ஒண்டி வாய்ல வந்துரக் கூடாது. வந்துச்சு, உங்கண்ணன் புள்ளையாயிடுவான். மனு காலி."

திரும்பி வர்றப்ப பஸ்ல செல்லியம்மா ஒரே ஒரு தபாதான் பேசிச்சு. "அந்தாளு உன்னாண்ட பேசறப்பல்லாம் உங்கம்மா உங்கம்மான்னாரு. எழுதறப்ப ஒண்டி மாத்திட்டாரு, பாத்தியா?" சொல்லிட்டு சிரிச்சுது.

ஊட்டுக்குப் பின்னால, செவுத்தோட சாய்ச்சு பனவோலையில ஒரு சாப்பு எறக்கி, கெங்காவே மூணு கல்லு வெச்சா. செல்லியம்மா வந்து கையால தடவிப் பாத்துட்டு தலையில அடிச்சுக்கிச்சு. "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்காம இன்னாடி அடுப்பு வெக்கற? பதினொண்ணாவது படிக்கிற லட்சணமா இது?" கல்லப் பேத்து, வாய ஏரிப் பக்கம் பாக்காம திருப்பி, களிமண்ணு கொழச்சு அதுவே பூசிச்சு. தன்ன வெளிய வெக்கற அடுப்ப அதுவே நல்லா கட்டிச்சு. கரி புடிக்கணும்னு மூணு வேளையும் அதுலயே கஞ்சி காச்சிச்சு. பாயும் தகரப் பொட்டியும் கூடையும் சாப்புக்கு வந்துச்சு. ஆர்.ஐ. வந்து போற வரைக்கும்தானே.

அடுப்பு வெச்ச எட்டாம் நாள் காலைல ஆர்.ஐ. வந்தாரு. சைக்கிள், கொடை, பின்னால குப்பத்துக்குப் புதுசான தலையாரி. கொஞ்சம் வயசான ஆளு, மோசமான ஆளும் இல்ல. வேர்த்துக் கொட்டிக்கினு இருந்தாரு. ஜெயராஜ் சொன்ன மாதிரியே நேரா பின்னால போயி, குனிஞ்சு, அடுப்புச் சாம்பல வெரலால கிண்டினாரு. அடியில சூடு இருந்துச்சு. கல்லுக்கு உள்பக்கம் தடவி, வெரல்ல ஒட்டின கரியப் பாத்தாரு. தலைய ஆட்டினாரு.

"வயசு இன்னாம்மா?"

"யார் எழுதி வெச்சாங்க சாமி. பட்டணத்துல எம்டன் கப்பல் குண்டு போட்டதே, அப்ப நான் கோழிக்குஞ்சு மேச்சுக்கினு இருந்தேன். சத்தம் கேட்டுதுன்னு எங்க நைனா சொல்லும். எனக்குக் கேக்கல. கோழி கத்தினது ஒண்டி நெனப்பு கீது."

ஆர்.ஐ. சிரிச்சுட்டாரு. வெரல் உட்டு எண்ணி, அறுவத்தஞ்சுன்னு எழுதிக்கினாரு. "சோத்துக்கு?"

"கெடைச்சா காச்சுவேன். யார்னா கொஞ்சம் மீனு குடுத்தா வாங்கிக்குவேன்."

எல்லாம் நல்லாத்தான் போய்க்கினு இருந்துச்சு. அந்நேரம் பாத்து எதுர் ஊட்டு சாராள், கூட்டத்தப் பாத்துட்டு ஈரக் கையோட வந்துச்சு. சாராளுக்கு கெட்ட எண்ணமே கிடையாது, வாய்தான் நிக்காது. "குடுங்க சார், புண்ணியமாப் போவும். கண்ணு தெரியாம எவ்ளோ கஷ்டம். அதும் பொண்ணு எவ்ளோ நல்லா படிக்குது தெரியுமா..."

ஆர்.ஐ. பேனா நின்னுச்சு. "பொண்ணா? யாரு பொண்ணு?"

சாராள் நாக்கக் கடிச்சுக்கிச்சு. தலையாரி கெங்காவப் பாத்தான். ஆர்.ஐ.யும் பாத்தாரு. கதவோரமா, பள்ளிக்கூடப் பாவாடையும் தாவணியுமா, நெஞ்சோட ஒரு பொஸ்தகத்த அணைச்சுக்கினு அவ நின்னுக்கினு இருந்தா.

"நீ யாரும்மா? இவங்க உனக்கு இன்னா வேணும்? பாத்துச் சொல்லு. பொய்யுன்னு தெரிஞ்சா வாங்கின பணத்தயும் கட்டணும், கேஸும் ஆவும்."

மூணு நாளு, அப்பால இன்னும் எட்டு நாளு சொல்லிப் பாத்த வார்த்தை. நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. கெங்கா வாயத் தொறந்தா. பெரியம்மா வரல. ‘அம்'னு உதடு ஒட்டிக்கினு, அடுத்த எழுத்து தொண்டையில வந்து நிக்குது. வந்தா மனு காலி. அத முழுங்கணும். முழுங்கிட்டு வேற எதனா சொல்லணும்.

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லன்னா? சொந்தமா?"

"இல்ல சார். எங்களுக்கு ஒண்ணும் உறவு... ஒண்ணும் இல்ல சார். பக்கத்து ஊடு."

சொல்லி முடிச்சப்பதான் அவளுக்கே காதுல கேட்டுச்சு. யாரும் அவள அவ்ளோ சொல்லச் சொல்லல. பெரியம்மான்னு சொன்னா போதும். சட்டத்துக்கே அது போதும். சட்டம் கேட்டதுக்கு மேல அவ அள்ளிக் குடுத்துட்டா.

சாராள் சமாளிச்சுது. "இந்தக் குப்பத்துப் பொண்ணுங்கல்லாம் அதுக்குப் பொண்ணுதான் சார். அப்டிச் சொன்னேன்."

ஆர்.ஐ. செல்லியம்மா பக்கம் திரும்பினாரு. "இன்னாம்மா, இந்தப் பொண்ணு சொல்றது சரிதானா?"

செல்லியம்மா அந்த வெள்ள பூத்த கண்ண கெங்கா இருந்த தெசைக்குத் தூக்கிச்சு. மூஞ்சி தெரியாது அதுக்கு, தாவணி வெள்ள ஒண்டி மசமசன்னு தெரிஞ்சிருக்கும். "படிச்ச பொண்ணு சாமி. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்."

உறவினர் எவரும் இல்லைன்னு ஆர்.ஐ. எழுதினாரு. எழுதினத படிச்சும் காட்டினாரு. செல்லியம்மா கட்ட வெரல்ல மை தடவி, தலையாரி புடிச்சு அழுத்தினான்.

அவங்க போனதும் கெங்கா சாப்புக்கு ஓடினா. "அம்மா, வாயில வந்துடுச்சும்மா... நான் பெரியம்மான்னுதான்..."

"பெரியம்மான்னு சொல்லல்லாம் உனக்குத் தெரியாது. நான் எங்க சொல்லிக் குடுத்தேன்?" செல்லியம்மா வெரல்ல இருந்த மைய சாம்பல் போட்டுத் தேச்சுக்கினு இருந்துச்சு. "போ, பஸ்ஸு பூடும்."

சாயங்காலம் பாய ஊட்டுக்குள்ள திரும்ப எடுத்துக்கினு போக கெங்கா வந்தப்ப, செல்லியம்மா சுருட்ட உடல. "எழுதிக்கினு போயிக்கீறாரு. எழுதினபடி இருக்கணும்ல? திரும்பி வந்து பாத்தா?" திரும்பி வந்து பாத்தா இன்னா ஆவும்ன்ற பயம் அவளுக்கும் இருந்துச்சு. உண்மையச் சொன்னா, அவ அம்மாவ அவ்ளோ ஒண்ணும் கெஞ்சல.

மறுநாள் காலைல உள்ள கஞ்சி வெச்சுக்கினு இருந்தா. வாசப்படியாண்ட கொரலு.

"கெங்கா, நெருப்பு இருந்தா ரெண்டு கங்கு போடேன்."

செல்லியம்மா வெளிய நின்னுக்கினு இருந்துச்சு, கையில கொட்டாங்குச்சி. குப்பத்துல பாதி ஊட்டுல அப்டித்தான், நெருப்புப் பொட்டிக்குக் காசு போட மாட்டாங்க, பக்கத்து ஊட்டு அடுப்புல கங்கு வாங்கிக்கினு போவாங்க. கெங்காவும் சாராள் ஊட்டுல எத்தினியோ தபா வாங்கிக்கீறா.

"உள்ள வந்து எடுத்துக்கோயேம்மா."

"அடுத்த ஊட்டு அடுப்புல கைய வெக்கலாமா? நீயே போடு."

கோவமாச் சொல்லல. அது கோவமாச் சொல்லியிருந்தா கெங்கா அழுது கால்ல வுழுந்திருப்பா. சாராளாண்ட பேசற மாதிரி, சந்தையில பேசற மாதிரி சொல்லிச்சு. கெங்கா இடுக்கியால ரெண்டு கங்கு எடுத்துப் போட்டா. ஒண்ணு தவறி கீழ வுழுந்துச்சு. "பாத்து, பாத்து. கால சுட்டுக்கப் போற," அதயும் அது அப்டியே சொல்லிச்சு. தெனமும் காலைல இது நடந்துச்சு. தெனமும் வாசப்படிக்கு வெளிய.

சனிக்கெழம முனிகிருஷ்ணன் வந்தான். சாப்புல பாயப் பாத்துட்டு பொறிஞ்சு தள்ளிட்டான். "இன்னாடி இது? ஆர்.ஐ. வந்துட்டுப் பூட்டாரு இல்ல? அப்பால இன்னா நாடகம்? அவராண்ட நீ இன்னா சொன்ன?"

கெங்கா அண்ணன் காலப் பாத்துக்கினு சொன்னா. "பெரியம்மான்னு சொன்னேன்."

சாப்புல ஓல பின்னிக்கினு இருந்த செல்லியம்மாவுக்கு அது கேக்காம இருக்காது. காது அதுக்குப் பாம்புக் காது. முனிகிருஷ்ணன் திரும்பி, "மெய்யாலுமாம்மா?"ன்னான்.

"அதான் சொல்லுதே புள்ள," செல்லியம்மா ஓலைய ஒரு இழுப்பு இழுத்துச்சு. "பணம் வர்ற வரைக்கும் நான் இங்க கீறேன். காத்து நல்லா வருது. நீ துன்னுட்டுப் படு."

தனக்காக அது பொய் சொன்னது கெங்காவுக்கு இன்னொரு அடி. அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. பின்பக்கத்து ஓலத் தட்டிக்கு அந்தப் பக்கம் இருமறது கேட்டுச்சு. எழுந்து போலாம். போயி பக்கத்துல படுத்துக்கலாம். தட்டி ஒண்ணுதான் நடுவுல. போனா தலையாரி பாத்துடுவானோ? ராத்திரி அவன் இந்தப் பக்கம் எதுக்கு வரப் போறான், வர மாட்டான், அவளுக்கே தெரியும். ஆனாலும் எழுந்துக்கல.

அப்டியே நாலு மாசம் ஓடிச்சு. எறா ஷெட்ட முனிகிருஷ்ணன் தள்ளிப் போட்டுக்கினு வந்தான். பணம் வந்தா படிக்கட்டும், வராட்டி ஷெட்டுதான்.

ஒரு மத்தியானம் தபால்காரர் துளசிராமன் தெருமுனையிலருந்தே கத்திக்கினு வந்தாரு. அவருக்கு யார் ஊட்டுக்கு இன்னா வந்தாலும் ஊருக்கே சொல்லியாவணும். "செல்லியம்மா! ஏ செல்லியம்மா! அனாதைப் பணம் வந்துக்கீது!"

நாலு ஊட்டுலருந்து தலை எட்டிப் பாத்துச்சு. செல்லியம்மா சாப்புலருந்து குனிஞ்சு வெளிய வந்து, முந்தானைய இழுத்துப் போட்டுக்கினு, மணியார்டர் பாரத்தாண்ட கைய நீட்டிச்சு.

"கைநாட்டு வெச்சா சாட்சிக் கையெழுத்து வேணும். படிச்சவங்க யார்னா இருந்தா கூப்புடு."

கெங்காவுக்கு அன்னிக்கு லீவு. வாசல்லயே நின்னுக்கினு இருந்தா. துளசிராமன் இந்தப் பக்கத்துக்குப் புதுசு, மாத்தலாகி வந்து ரெண்டு மாசம்தான். "நீ போடறியாம்மா? எழுதத் தெரியுமில்ல? யாரு நீ, சொந்தமா?"

கெங்கா வாயத் தொறக்கறதுக்குள்ள செல்லியம்மா முந்திக்கிச்சு. "பக்கத்து ஊட்டுப் பொண்ணு. ரொம்பப் படிச்ச பொண்ணு. எஸ்.எஸ்.எல்.சி."

பாரத்துல கட்ட வெரல் ரேகை நீலமா உருண்டு கெடந்துச்சு. அதுக்குப் பக்கத்துல கெங்கா கையெழுத்துப் போட்டா. பள்ளிக்கூடத்துல மார்க்கு வாங்கின அழகான கையெழுத்து. ரெண்டு பத்து ரூபா நோட்ட துளசிராமன் எண்ணிக் குடுத்துட்டு சைக்கிள உருட்டிக்கினு பூட்டாரு.

செல்லியம்மா நோட்ட ரெண்டு பக்கமும் தடவிப் பாத்துச்சு. மூக்காண்ட வெச்சு மோந்து பாத்துச்சு. "மீன் கவுச்சி இல்லாத டப்பு," சொல்லிட்டு, அப்டியே ரெண்டயும் நீட்டிச்சு. "இந்தா பக்கத்து ஊட்டுப் பொண்ணே. பரிச்சைக்குக் கட்டணும்னியே."

வேணாம்னு சொல்லணும். நீயே வெச்சுக்கோன்னு சொல்லணும். கண்ணு டாக்டராண்ட போலாம்மான்னு சொல்லணும். கெங்கா கை தானா நீண்டுச்சு. வாங்கிக்கினா. ஊட்டுக்குள்ள போயி கணக்குப் பொஸ்தகத்துல வெச்சப்பதான் அவ மூஞ்சி சுட ஆரம்பிச்சுது.

அன்னிக்கு சாயங்காலம் அவ அடுப்புப் பத்த வெக்கல. வேணும்னேதான். காலைலருந்து இருந்த கங்க அப்டியே அணைய உட்டா. முனிகிருஷ்ணன் கும்மிடிப்பூண்டியில. ஊட்டுல கேக்க ஆளு கிடையாது. அணைஞ்ச அடுப்புக்கு எதுர்ல குந்தி, இன்னா சொல்லணும்னு ரோசனை பண்ணா. இருட்டிக்கினு வந்துச்சு. ஊடு ஊடா வெளக்கு வெச்சாங்க. கொட்டாங்குச்சிய எடுத்துக்கினு பின்பக்கம் போனா.

சாப்புல அடுப்பு எரிஞ்சுக்கினு இருந்துச்சு. மடவ மீன் கொழம்பு வாசன. பொழுது சாஞ்சா வர்ற ஏரிக் காத்துலயும் பொகை உள்ள வராம நேரா வெளிய போச்சு. அவ்ளோ நல்லா கட்டின அடுப்பு.

"அம்மா, ரவ நெருப்பு குடேன்."

செல்லியம்மா தலையத் தூக்கல. "வெளக்கு வெச்சாச்சே. வெளக்கு வெச்சப்புறம் அடுத்த ஊட்டுக்கு யாரு நெருப்பு குடுப்பா? லட்சுமி பூடுவா. இத்தினி வருசத்துல இன்னிக்குத்தான் வந்துக்கீறா, மணியார்டர்ல. இன்னிக்கே தொரத்தச் சொல்றியா?"

சிரிக்கிறாப்பலதான் சொல்லிச்சு. கெங்காவுக்கு சிரிப்பு வரல.

"நான் அடுத்த ஊடு இல்லம்மா."

"அப்ப யாரு?"

அடுப்புல ஒரு சுள்ளி வெடிச்சுது. கெங்கா வாயத் தொறந்தா. இந்தத் தபா தடுக்க ஆர்.ஐ. இல்ல, மனு இல்ல. ரெண்டே வார்த்தை. சரியா அந்நேரம் தெருவுல செருப்புச் சத்தம். லாந்தர் வெளிச்சம் வேலியில ஆடிச்சு. தலையாரி. எங்கயோ போய்க்கினு இருந்தான், தொண்டையச் செருமிக்கினே.

கெங்கா கொரலு தானா எறங்கிச்சு. காத்தோட காத்தா சொன்னா. "உம் பொண்ணு."

"இன்னா? கேக்கல."

காது கேக்காதவ இல்ல செல்லியம்மா. கெங்காவுக்குத் தெரியும். ஆனா லாந்தர் இன்னும் வேலியாண்டதான் இருந்துச்சு. தலையாரி நின்னு பீடி பத்த வெச்சான். அவ ஒதட்டக் கடிச்சுக்கினு நின்னா. அவன் ஒரு இழுப்பு இழுத்தான். அப்பால நடந்தான். வெளிச்சம் சாராள் ஊட்டத் தாண்டி, திரும்பி, மறைஞ்சுது.

"உம் பொண்ணும்மா." இப்ப நல்லாக் கேக்கற மாதிரியே சொன்னா.

செல்லியம்மா கொழம்ப ஒரு கிண்டு கிண்டிச்சு. "தலையாரி பூட்டானா?"

"...பூட்டாரு."

"அதான் பாத்தேன்."

அவ்ளோதான். தட்ட எடுத்து தொடைச்சு, சோத்தப் போட்டு, மேல கொழம்ப ஊத்தி, நடுத்துண்டா பாத்து ஒண்ணு வெரலால தடவி எடுத்து வெச்சுது. "குந்து. துன்னு. முள்ளு பாத்து."

கெங்கா குந்தினா. தெருவுக்கு முதுகக் காட்டிக்கினு குந்தினா. அப்டிக் குந்தறோம்னு தெரிஞ்சேதான் குந்தினா. கண்ணுலருந்து வழிஞ்சது கொழம்புல வுழுந்துச்சு. எதுர்ல இருந்த கண்ணுக்கு அது தெரியாதுன்றது அவளுக்கு ஒரு தைரியம். அதுக்கும் வெக்கமா இருந்துச்சு.

தட்டக் கழுவி வெச்சுட்டு எழுந்தா. கொட்டாங்குச்சி காலியாவே கையில இருந்துச்சு. இப்ப குடுக்கும்னு கொஞ்ச நேரம் நின்னா.

செல்லியம்மா வெறகப் பின்னால இழுத்து, எரியறத தட்டி அணைச்சு, மிச்ச கங்க ஒண்ணா சேத்துச்சு. அது மேல சாம்பல ரெண்டு கையாலயும் வாரி மெதுவா மூடிச்சு, காலை வரைக்கும் அணையாம இருக்கற மாதிரி.

"நாளைக்கு ஒரு நெருப்புப் பொட்டி வாங்கி வெச்சுக்கோ," சொல்லிட்டு பாய ஒதறிச்சு. "பரிச்சைக்கு வெளக்கு வெச்சுப் படிக்கணும் இல்ல."